டெர்பிக் குதிரை மெதுவான குதிரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தயக் குதிரை வளர்ப்பு பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை இரண்டு கருத்துகளின் மேல் நின்றது. வேகம் வேண்டுமென்றால் வேகமான ஆணையும் வேகமான பெட்டையையும் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. தம், அதாவது நெடுந்தூரம் தாங்கி ஓடும் சக்தி, வேண்டுமென்றால் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதை நம்பி நல்ல பெட்டைகளை மந்தமான ஸ்டாலியன்களிடம் (இனவிருத்திக்கான ஆண் குதிரைகளிடம்) அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தரமான 1200 மீட்டர் பந்தயம் ஒன்று 71 விநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டருக்கு 11.8 விநாடி ஆகிறது. பெரிய பந்தயமான 2400 மீட்டர் டெர்பி 2 நிமிடம் 31 விநாடியில் முடிந்தால் 200 மீட்டருக்கு 12.6 விநாடி. தூரம் இரட்டிப்பானாலும் இடைவெளி முக்கால் விநாடியைத் தாண்டவில்லை. 2018இல் ஜப்பான் கப்பில் ஆல்மண்ட் ஐ என்ற ஃபில்லி (இளம் பெட்டை) 2400 மீட்டரை 2 நிமிடம் 20.6 விநாடியில் ஓடி முடித்தது. 200 மீட்டருக்கு 11.7 விநாடி, அதுவும் பன்னிரண்டு முறை தொடர்ந்து. நம் ஊரில் பல குதிரைகள் 1200 மீட்டருக்கே அந்த வேகத்தைத் தாங்குவதில்லை. ஆகவே 200 மீட்டரை 12 விநாடிக்குள் ஓட முடியாத குதிரைக்கு எவ்வளவு தம் இருந்தாலும் டெர்பியில் வேலை இல்லை. தம் என்பது இருக்கிற வேகத்தைக் கடைசி 600 மீட்டர் வரை கையில் வைத்திருப்பது. இல்லாத வேகத்துக்கு அது ஈடாகாது.

உடல் விஷயமும் இதையே சொல்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும் குதிரையின் இதயம் முழு ஓட்டத்தில் 220ஐத் தாண்டுகிறது. மண்ணீரல் தன் சேமிப்பில் உள்ள சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டுகிறது. காலாப் எனும் முழுப் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு, கூடவும் முடியாது, குறையவும் முடியாது. 1200 மீட்டர் ஓட்டத்தில்கூடச் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியே வருவதுதான். எனவே இதயமும் மூச்சுக்குழாயும் குறுந்தூரக் குதிரைக்கும் வேண்டும், நெடுந்தூரக் குதிரைக்கும் வேண்டும். இரண்டும் பிரிகிற இடம் தசை. கனத்த பின்புறத் தசை முதல் 400 மீட்டரில் வாரிக் கொடுக்கும், பிறகு வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

அந்தத் தசை விஷயத்தில் இன்று நம்மிடம் ஓரளவு உறுதியான அறிவு இருக்கிறது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதத்துக்கு மயோஸ்டாட்டின் என்று பெயர். அதற்கான ஜீனில் உள்ள ஒரு மாறுபாட்டுக்கும் குதிரை ஜெயிக்கும் தூரத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எம்மலின் ஹில் தலைமையிலான குழு 2010இல் வெளியிட்டது. ஒவ்வொரு குதிரையும் தந்தையிடம் ஒன்று, தாயிடம் ஒன்று என இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. பிரதி ஒவ்வொன்றும் சி, டி என்ற இரு வகைகளில் ஒன்று. இரண்டும் சி வகையானால் 1000 முதல் 1600 மீட்டர் வரை அதன் களம். ஒன்று சி, ஒன்று டி என்றால் 1400 முதல் 2400 வரை. இரண்டும் டி என்றால் 2000 மீட்டருக்கு மேல்தான் அது தன் முழுத் திறனைக் காட்டும். இரண்டு வயதில் அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இதிலிருந்து வரும் சேர்க்கைக் கணக்கைப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் சுவரில் எழுதி வைக்கலாம். சிசி ஆணும் டிடி பெட்டையும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிகள் அனைத்தும் சிடி. டெர்பிக் கனவு உள்ளவர்களுக்கு இதைவிடச் சீரான சேர்க்கை கிடையாது. ஆனால் அடுத்த தலைமுறையில் அந்தச் சிடி பெட்டையைச் சிடி ஸ்டாலியனிடமே கொண்டுபோனால், சராசரியாக நாலில் ஒன்று சிசி, இரண்டு சிடி, ஒன்று டிடி என்று சிதறிவிடும். ஒரே தாய், ஒரே தந்தை, அண்ணன் 1200 மீட்டரில் ராஜா, தம்பி 2400 மீட்டரில்தான் கண் விழிக்கிறான் என்ற பழைய புதிரின் விடையில் பெரும்பங்கு இங்கே இருக்கிறது. சிசியும் சிடியும் சேர்ந்தால் பாதி சிசி, பாதி சிடி. டிடி ஒருநாளும் வராது. ஒரு பண்ணை மூன்று தலைமுறை தொடர்ந்து சிசி ஸ்டாலியன்களையே பயன்படுத்தினால் பெட்டைகள் எல்லாம் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் தம் வேண்டும் என்று தேடினால் பண்ணைக்கு வெளியேதான் தேட வேண்டும்.

உலகம் முழுக்க நடந்ததும் இதுதான். 1954இல் பிறந்த நியர்க்டிக், அதன் மகன் 1961இல் பிறந்த நார்தர்ன் டான்ஸர் ஆகியவற்றின் வழியாகச் சி வகை பெருமளவு பரவியதை அதே ஆய்வுக் குழு 2012இல் சுட்டிக்காட்டியது. 18ஆம் நூற்றாண்டில் எக்லிப்ஸ் என்ற குதிரை ஓடிய காலத்தில் ஒரே நாளில் நாலு மைல் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவைத்தார்கள். அந்த வகைத் தேவை போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பிரான்ஸின் டெர்பியான பிரி டு ஜாக்கி கிளப்கூட 2005இல் 2400 மீட்டரிலிருந்து 2100 மீட்டராகச் சுருங்கியது. பந்தயத்தின் தூரம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் பண்ணை விளைவிக்கும்.

இந்தச் சோதனைக்குப் பிடரி முடியோ சில சொட்டு ரத்தமோ போதும், ஒரு பெட்டைக்கு வாழ்நாளில் ஒரே முறை செய்தால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. எந்தத் தூரம் என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு நல்ல குதிரை என்பதைச் சொல்லாது. மந்தமான டிடியும் உண்டு, ஆயிரம் மீட்டரைக்கூட ஒழுங்காக முடிக்காத சிசியும் உண்டு. சோதனைத் தாளைக் காட்டி விலை பேசுகிறவர்களிடம் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜீன் சோதனை வராத காலத்திலும் கெட்டிக்கார வளர்ப்பாளர்கள் இதைக் கண்ணாலேயே செய்தார்கள். 2004இல் இங்கிலாந்தின் எப்ஸம் டெர்பியை வென்ற நார்த் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தை டேன்ஹில், 1200 மீட்டர் குறுந்தூரப் பந்தயமான ஸ்பிரிண்ட் கப் வென்ற குதிரை. தாய் சாட் அவுட், 4000 மீட்டர் பிரி டு காத்ரான் வென்றவள். இதைத் தலைகீழாகத் திருப்பினால் ஃபிராங்கெல் வரும். தந்தை கலிலியோ 2001 டெர்பி வென்றவன். தாய் கைண்ட், டேன்ஹில்லின் மகள், குறுந்தூரப் பந்தயங்களில் ஜெயித்தவள். ஃபிராங்கெல் 14 முறை ஓடி 14 முறையும் ஜெயித்தது, 1400 மீட்டரில் தொடங்கி 2000 மீட்டருக்குச் சற்று மேல் வரை. இரண்டிலும் ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் தம். அதைவிட முக்கியமாக, இரண்டு பக்கமும் முதல் தரம். மந்தமான குதிரையின் மேல் தம் என்று பெயர் எழுதி யாரும் சேர்க்கவில்லை. டேன்ஹில்லின் மகன் மல்டிடைமென்ஷனல் இந்தியாவில் பல ஆண்டுகள் முன்னணி ஸ்டாலியனாக விளங்கியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தந்தை வழியில் டேன்ஹில்லைப் பார்த்ததும் இது ஸ்பிரிண்ட் ரத்தம் என்று முத்திரை குத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு நார்த் லைட் ஒன்றே போதும்.

வம்சத் தாளைப் படிப்பதில் இங்கே நடக்கும் பெரிய பிழை, தந்தை பெயரோடு நிறுத்திவிடுவது. தாய்க்குதிரைக்கு ஒரு தனித் தாள் போடுங்கள். அவள் ஈன்ற ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வரி. தந்தை யார், முதலில் ஜெயித்த வயது, ஜெயித்த மிகக் குறைந்த தூரம், ஜெயித்த மிக அதிகத் தூரம், அதற்கும் மேற்பட்ட தூரத்தில் ஓடியிருந்தால் எத்தனை குதிரை நீளத்தில் தோற்றது என்று எழுதுங்கள். ஸ்பிரிண்ட் ஸ்டாலியன்களுக்குப் பிறந்த அவளுடைய குட்டிகள் 1600 மீட்டரில் ஜெயித்திருந்தால் தம் அவளிடமிருந்துதான் வருகிறது. நெடுந்தூர ஸ்டாலியன்களுக்குப் பிறந்தவையும் 1200ஐத் தாண்டவில்லை என்றால் எந்த ஆணைக் கொண்டுவந்தாலும் அவள் தன் வேகத்தைத்தான் கொடுப்பாள். இதே தாளை அவளுடைய தாய்க்கும் போட வேண்டும். மூன்றாம் தலைமுறைக்கு அப்பால் போவது பெரும்பாலும் கதை கேட்கும் சுகத்துக்குத்தான்.

இந்தத் தாளில் ஒரு பொறி உண்டு. 1200 மீட்டருக்கு மேல் ஓடவே இல்லை என்பதும், ஓடித் தோற்றது என்பதும் வேறு வேறு. இந்தியாவில் அன்றாடப் பந்தயங்களில் பெரும்பகுதி 1000 முதல் 1400 மீட்டருக்குள் இருப்பதால் நீண்ட தூரம் ஓடிப் பார்க்கும் வாய்ப்பே பல குதிரைகளுக்குக் கிடைப்பதில்லை. வெற்றுக் கட்டத்தைச் சுழி என்று படிக்கக் கூடாது.

டோசேஜ் குறியீட்டையும் சிலர் கேட்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டீவன் ரோமன் பிரபலமாக்கிய முறை அது. நாலு தலைமுறைகளில் உள்ள குறிப்பிட்ட சில ஸ்டாலியன்களுக்கு 16, 8, 4, 2 என்று புள்ளி கொடுத்து, வேகப் பக்கத்துக்கும் தம் பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை எடுப்பார்கள். கென்டக்கி டெர்பிக்கு 4க்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய வேதவாக்கு. 1991இல் 9 என்ற குறியீட்டோடு வந்த ஸ்ட்ரைக் தி கோல்ட் அந்த டெர்பியை ஜெயித்தது. பட்டியலில் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஸ்டாலியன்கள். தாய்க்குதிரையின் சொந்த ஓட்டத்துக்கு அதில் புள்ளியே இல்லை. நம் பெட்டைகளுக்கு அதைப் போட்டுப் பார்ப்பதில் காகிதம்தான் வீண்.

இனி குட்டியைத் தேர்ந்தெடுப்பது. இங்கே காலண்டர் நமக்குச் சாதகமாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1இல் வயது கூடுகிறது. எப்ஸம் டெர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கு ஜூனில் நடக்கிறது. மும்பை மகாலட்சுமியில் 1943இல் தொடங்கிய இந்தியன் டெர்பி நாலு வயதுக் குதிரைகளுக்குப் பிப்ரவரியில் நடக்கிறது. 2022 மார்ச்சில் பிறந்த குட்டி எப்ஸமில் ஓடும்போது அதற்கு 39 மாதம். அதே மாதம் இந்தியாவில் பிறந்தது 2026 பிப்ரவரியில் டெர்பிக்கு வரும்போது 47 மாதம். எட்டு மாதம் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்கு முன் டிசம்பரில் 1600 மீட்டர் கினீஸ் பந்தயங்கள், அடுத்த செப்டம்பரில் புனேயில் 2800 மீட்டர் செயின்ட் லெஜர். மெல்ல முதிரும் குதிரைக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் அட்டவணையை வைத்துக்கொண்டு, இரண்டு வயதிலேயே ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டு அவசரப்படுவது என்ன நியாயம்?

அமெரிக்காவில் இரண்டு வயதுக் குட்டிகளை விற்பனைக்கு முன் 200 மீட்டர் ஓடவிட்டு, 10 விநாடிக்குக் கீழே வந்தால் விலை எகிறுகிறது. அந்தப் பத்து விநாடியில் தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்தி மட்டுமே செலவாகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அங்கே பரீட்சையே இல்லை. எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியாது. முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித் தகடு மூடவே இரண்டு, இரண்டரை வயது ஆகிறது.

குட்டியை நிற்கவைத்துப் பார்க்கும்போது முதலில் பிட்டமும் முதுகுத் திமிலும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பதினெட்டு மாதத்தில் பிட்டம் இரண்டு விரல் உயர்ந்து நின்றால் அது இன்னும் வளர்கிற குட்டி, அவசரப்படுத்தக் கூடாது. முன்னும் பின்னும் சமமாகி, தொடை திரண்டு, மார்பு அகன்று அந்த வயதிலேயே பெரிய குதிரை போல நின்றால் அது சீக்கிரம் முதிரும் வகை. இரண்டு வயதுக் கடைசியில் ஜெயிக்கும், நாலு வயதில் அதே இடத்தில் நிற்கவும் கூடும். விற்பனை வளையத்தில் பணம் பின்னதற்குத்தான் போகிறது. ஒரே ஒரு குதிரை வாங்கி வருடத்துக்கு நாலு முறை ஓடிப் பார்க்க நினைக்கும் உரிமையாளரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு 1200 மீட்டர் பந்தயங்கள்தான் அதிகம் கிடைக்கும்.

நடக்கவிட்டுப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழ வேண்டும். ஒரு சாண் தாண்டினால் நல்ல நடை. தலை தொங்கி, இடுப்பு ஆடி, அவசரமில்லாமல் நடக்கிற குட்டி பிற்பாடு ஓட்டத்தில் சக்தியை வீணாக்காது. தாடை எலும்புகளின் நடுவே நாலு விரல்களை மடக்கி வைத்தால் இடம் இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் தொண்டையைக் கூடுதலாகச் சந்தேகிக்கலாம். முன்காலைப் பக்கவாட்டில் பார்த்தால் முழங்கால் பின்னே குழிந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் களைப்பு வந்த கடைசி 400 மீட்டரில் முழங்கால் சிற்றெலும்புகளின் முன்விளிம்பு நசுங்கிச் சில்லு பெயரும். குளம்புக்கு மேலுள்ள கணுப்பகுதி நிமிர்ந்திருந்தால் அதிர்வு மேலே ஏறும், மிக நீண்டு சரிந்தால் பின்னாலுள்ள தாங்கு தசைநார் இழுபடும். குளம்பு நுனி சற்றே வெளியே திரும்புவதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

தொண்டைக்குள் குழல் கேமரா விட்டுப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. குரல்வளையின் இடப்பக்க நரம்பு தளர்ந்து, மூச்சை இழுக்கும்போது அந்தப் பக்கம் சரியாகத் திறக்காத நோய் உயரமான குதிரைகளில் அதிகம். ஓடும்போது இரைச்சல் கேட்கும். இதை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் நிலை என்றாலே வாங்காமல் விட்டுவிடுவது நல்லது. இந்தக் கோளாறு உள்ள குதிரை 1000 மீட்டரில் சமாளித்துவிடும், 1600இல் மாட்டிக்கொள்ளும். வம்சத்தில் தம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட குதிரைகளில் எத்தனைக்குத் தொண்டைதான் காரணம் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கும். பெரிய இதயம் பற்றிய பேச்சை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். புகழ்பெற்ற பந்தயக் குதிரை ஃபார் லாப்பின் ஆறு கிலோவுக்கு மேற்பட்ட இதயம் ஆஸ்திரேலியாவில் கண்ணாடிக்குள் இருப்பது உண்மை. அமெரிக்கக் குதிரை செக்ரடேரியட்டின் இதயம் பத்து கிலோ என்பது எடை போடாமல் சொன்ன மதிப்பு. தாய்வழியாக மட்டும் பெரிய இதயம் வருகிறது என்பது நிரூபணமாகவில்லை.

தீனியில் ஒரு விஷயம் மட்டும். வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கோதுமைத் தவிட்டில் இது தலைகீழ். பாஸ்பரஸ் சுமார் பத்து மடங்கு அதிகம். தவிட்டையும் தானியத்தையும் வாரி வைத்து, குதிரை மசால் என்ற பசுந்தீவனத்தைக் குறைத்தால் எலும்பிலிருந்தே சுண்ணாம்பு உருவப்படும். மறுபுறம், விற்பனைக்குப் பளபளப்பாகக் காட்ட ஓட்ஸையும் கொள்ளையும் அதிகமாக்கி வேகமாக வளர்த்தால் மூட்டுக் குருத்தெலும்பு சரியாக இறுகாமல் பிளவுபடும். மாதம் ஒருமுறை எடை போட்டு, ஏற்றம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பதே போதுமான காவல்.

பயிற்சியில் வேகத்துக்கும் தமக்கும் உள்ள சமன்பாடு பலர் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. தம் வளர வேண்டும் என்று இளங்குதிரையை மாதக்கணக்கில் மெதுவாக நீண்ட தூரம் ஓட்டிவிட்டு, பந்தயம் நெருங்கியதும் திடீரென்று முழு வேகம் கேட்பது பழைய வழக்கம். முன்காலின் கணை எலும்பு முன்பக்கம் வீங்கி, தொட்டால் குட்டி காலை இழுக்கும் ஷின் வலி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நுனமேக்கர் காட்டியது இதைத்தான். எலும்பு எந்த வேகத்தில் உபயோகப்படுகிறதோ அந்த வேகத்துக்கு ஏற்பத் தன்னைத் தடிமனாக்கிக்கொள்கிறது. மெதுவான கேன்டர் ஓட்டம் அதற்கு வேறு திசையில் அழுத்தம் கொடுக்கிறது. பல கிலோமீட்டர் மெதுவாக ஓடினாலும், வேகத்துக்கான பாடத்தை எலும்பு படிப்பதில்லை.

நடைமுறையில் இதைச் செய்வது கடினம் இல்லை. ஒன்றரை வயதில் நீளக் கயிற்றில் வட்டம் விட்டு, சேணமும் கடிவாளமும் பழக்கி, சவாரி ஏறி, டிராட், கேன்டர் என்று ஆறிலிருந்து எட்டு வாரம். அதன் பிறகு வழக்கமான கேன்டரின் கடைசியில் வாரம் இருமுறை 200 மீட்டரை 15 விநாடியில் ஓடவிடுங்கள். ஐந்து வாரம். அடுத்த ஐந்து வாரம் 400 மீட்டர், 30 விநாடி. அதற்கு அப்புறம்தான் 400 மீட்டரில் 26, 27 விநாடிக்கு இறங்குவது. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டக் கூடாது. கணை எலும்பின் முன்பக்கத்தைத் தினமும் காலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். சூடோ வலியோ தென்பட்டால் வேகத்தை நிறுத்தி நடை மட்டும். அந்த நேரத்தில் ஒரு வாரம் இழந்தால் போதும், தள்ளிப்போட்டால் மூன்று மாதம் போகும்.

தம்மைச் சோதிக்க வேண்டியது அதற்குப் பிறகு. முதல் ஓட்டம் 1200, பிறகு 1400, 1600, 2000 என்று மூன்று நாலு வாரத்துக்கு ஒரு படி. 1200இல் ஜெயித்தது என்று நேரே 2000க்குக் கொண்டுபோகிறவர்கள் கடைசி 300 மீட்டரில் குதிரை நின்றுவிட்டதைப் பார்த்து, தம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தக் குதிரை முதல் 800 மீட்டர் முழுக்க ஜாக்கியின் கையை இழுத்துக்கொண்டு ஓடியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இழுக்கிற குதிரைக்கு எந்த வம்சமும் உதவாது. மற்றக் குதிரைகளின் பின்னால், முகத்தில் மண் விழ, அமைதியாக ஓடப் பழக்குவதுதான் அதற்கு வைத்தியம். அது இரண்டு வயதில் கேன்டரிலேயே தொடங்க வேண்டிய பாடம்.

காலை ஓட்ட நேரங்களை உங்கள் வாசகர்கள் பலர் தவறாகப் படிக்கிறார்கள் என்பதால் ஓர் உதாரணம். 1200 மீட்டர் 78 விநாடி, கடைசி 600 மீட்டர் 40 விநாடி என்று ஒரு குதிரை. முதல் 600ஐ 38இல் ஓடி, பிறகு தளர்ந்திருக்கிறது. இன்னொன்று 1200 மீட்டர் 79 விநாடி, கடைசி 600 மீட்டர் 37. மொத்தத்தில் ஒரு விநாடி மெதுவானது என்றாலும் முடிவு நோக்கி வேகம் கூடியிருக்கிறது. ஆனால் இதை வைத்து இரண்டாவதுக்குத் தம் உண்டு என்று முடிவு கட்டவும் கூடாது. முதல் 600ஐ 42 விநாடியில் சும்மா வந்தால் எந்தக் குதிரைக்கும் கடைசியில் மிச்சம் இருக்கும். முதல் பாதியும் 39, 40க்குள் இருந்து, ஜாக்கி அசையாமல் கடைசி 600 மீட்டர் 37, 38 வந்தால்தான் அது செய்தி. ஓட்டம் முடிந்ததும் தாடைக்குக் கீழுள்ள நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதை வாரா வாரம் அதே நேரத்தில் குறித்து வாருங்கள். வேறு குதிரையோடு ஒப்பிடாமல், அதே குதிரையின் போன வாரக் கணக்கோடு ஒப்பிடுவதுதான் பயன் தரும்.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. புழுக்கமான கடலோர வெயிலில் சில குதிரைகளுக்கு வியர்வை நின்றுவிடும். டிரை கோட் என்பார்கள். தோல் காய்ந்து சூடாக இருக்கும், ஓடி நின்ற பிறகும் வெகுநேரம் மூச்சு வாங்கும், நெற்றியில் முடி உதிரும். உள்ளே சூடு இறங்காததால் 1400 மீட்டருக்கு மேல் அது தாங்காது. அதே குதிரையைக் கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்குக் கொண்டுபோய்ச் சில வாரம் விட்டால் வியர்வை திரும்பி, ஆளே மாறிப்போகும். கிண்டியில் ஏப்ரல், மே மாதத்துச் சோதனையை வைத்து ஒரு குட்டியின் தம்மைத் தீர்மானிப்பவர்கள், தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பந்தயப் பக்கத்தில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் தந்தையின் பெயர் மட்டும் வருகிறது. தாயின் பெயரையும் அவள் ஜெயித்த அதிகபட்சத் தூரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். காலை ஓட்டங்களை வெளியிடும்போது மொத்த நேரத்தோடு கடைசி 600 மீட்டர் நேரமும், ஜாக்கி தள்ளினாரா, குதிரை தானாகவே வந்ததா என்ற ஒரு சொல்லும் இருக்கட்டும். பந்தய முடிவுகளில் கடைசி 600 மீட்டர் நேரத்தை ஜெயித்த குதிரையோடு நிறுத்தாமல் முதல் நாலு குதிரைகளுக்கும் போட முடிந்தால், அடுத்த பருவத்தில் எந்தக் குதிரையின் தூரத்தைக் கூட்டலாம் என்பதை வாசகர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்பிலும் பயிற்சியிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
சென்னை